குருநகர் நீதவானும் ஏழு மணி நாடகமும்

இந்த நாட்டில் எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலும் அதற்கு மேலே இன்னொரு நீதிமன்றம் இருக்கிறது. மேன்முறையீடு செய்யலாம், தவணை கேட்கலாம், ஆள் செத்த பிறகும் வழக்கை இழுக்கலாம். குருநகரில் மீன் விற்ற நீதவான் அக்காவின் தீர்ப்புக்கு மட்டும் மேலே ஒன்றும் இருக்கவில்லை. விடிந்ததும் அவர் தன் பலகைக்குப் பின்னால் வந்து குந்தினால், முதல் நாள் தொலைக்காட்சியில் அழுதவர், சிரித்தவர், பாடியவர், சமைத்தவர், பாலில் விஷம் கலந்தவர் எல்லோருக்கும் மீன் விற்று முடிவதற்குள் தீர்ப்புக் கிடைத்துவிடும்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான் அவருடைய குறுகலான ஒழுங்கையில் வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் அச்சுவேலிப் பக்கத்து ஆள். நகரத்தில் வேலை கிடைத்ததால் அவருடைய வீட்டுக்கு நேர் எதிரே ஒரு மேல்மாடி அறையை எடுத்தேன். அறையைக் காட்டிய வீட்டுக்காரர் நேர்மையான மனிதர், குறைகளையும் சொன்னார். தண்ணீர் உப்பு, நுளம்புக்கடி அதிகம், முன்வீட்டில் ஒரு நீதவான் இருக்கிறா என்றார். கடைசியாகச் சொன்னதை ஏன் குறை என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நல்ல காவலாகப் போயிற்று என்று அன்றே முற்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு பேருக்குத் தீர்ப்புச் சொன்ன அந்த மனுசி, ஒரேயொரு தீர்ப்பால் தன் கூடப்பிறந்த அக்காவை இழந்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் மீன் பலகையிலிருந்து தொடங்கினால்தான் ஆளைப் பற்றி உங்களுக்குச் சரியாக விளங்கும்.

அவரிடம் மீன் வாங்கப் போனால் நாங்கள் விலை கேட்க முதல் அவர் எங்களைக் கேள்வி கேட்பார். நேற்றுப் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. பார்த்தேன் என்றால் கருத்துச் சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்றால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுப் பிறகு கருத்துச் சொல்ல வேண்டும். தப்பவே முடியாது. ஒருமுறை பக்கத்து ஒழுங்கை ஆசிரியை ஒருவர், நாடகத்தில் வருகிற மாமியாரிடமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்காவின் கத்தி அப்படியே நின்றது. பாதி செதில் எடுத்த ஒட்டி மீனைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

"மாமியாரிலை பிழை இல்லையெண்டால் மிச்சச் செதிலை நீங்களே எடுங்கோ, ரீச்சர்."

ரீச்சர் வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே பலகைக்குத்தான் வந்தார், ஏனென்றால் அக்காவிடம் பழுதான மீன் இருக்காது, தராசிலும் கள்ளம் இருக்காது. கருத்து மாறுபட்டவர்களுக்கும் நிறை சரியாகத்தான் இருக்கும். வெட்டித் தருவதில்தான் தண்டனை.

பொய் அவருக்கு ஆகவே ஆகாது. பாட்டுப் போட்டிகளில் பிள்ளையைப் பாடவிட முதல் அதன் வீட்டுக் கூரை ஒழுகுவதைக் காட்டி, தாயை அழவைத்து, பின்னணியில் புல்லாங்குழலும் ஊதுவார்கள் அல்லவா, அந்த இடம் வந்தால் அக்கா சத்தத்தை நிறுத்திவிடுவார். கூரையைப் பார்த்தால் காது கெட்டுப்போகும் என்பது அவருடைய கட்சி. நடுவர்கள் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தால் இன்னும் கோபம் வரும். உவையளுக்குச் சம்பளம் அழுகிறதற்கா கேட்கிறதற்கா என்று என்னைக் கேட்பார், நான் ஏதோ சம்பளம் கொடுக்கிறவன் மாதிரி. சின்ன வயதில் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் இருந்தவர். யாராவது சுருதி விலகினால் பல்லுக் கூசுகிறது என்று கன்னத்தைப் பொத்திக்கொள்வார்.

ஒரு வீட்டுக்குள் ஆட்களை அடைத்துவைத்துச் சண்டை பிடிக்க விடுகிற நிகழ்ச்சி ஒன்று போனது. ஒழுங்கை முழுவதும் அதற்கு அடிமை. அக்காவுக்கு அதில் மதிப்பே இல்லை. "சமைக்கச் சாமான் இருக்கு, படுக்க மெத்தை இருக்கு, குளிர்க்காத்து வருது. உதுக்குள்ளை இருந்து சண்டை பிடிக்க ஆருக்குத்தான் ஏலாது? தண்ணி வராத நாளிலை எங்கடை பைப்படியிலை ஒரு கமராவை வைக்கச் சொல்லுங்கோ பாப்பம்" என்றார். சமையல் போட்டியையும் விட்டுவைக்கவில்லை. முள் எடுத்த மீனைச் சமைத்தவனுக்கு முதற்பரிசு கொடுத்த அன்று அவருக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. முள்ளுக்குப் பயந்தவனெல்லாம் மீனுக்குப் புள்ளி போடுகிறான் என்று இரண்டு நாள் புறுபுறுத்துக்கொண்டு திரிந்தார்.

செண்பகவல்லியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. செண்பகவல்லி ஏழு மணி நாடகத்தின் கதாநாயகி. ஒருநாள் அவளை லொறியால் அடித்துக் கொன்றார்கள். அடுத்த நாள் காலை மீன் வந்துவிட்டது, விற்கிறவரைக் காணவில்லை. வெயில் ஏறிய பிறகு கறுத்தச் சேலையோடு வந்தவர், கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசையில்தான் விஷயம் வெளியே வந்தது. செத்தவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்கூட்டியே பெயரைக் கொடுத்துவிடுவார்கள், பங்குக் குருவான சுவாமி பூசை தொடங்கும்போது அந்தப் பெயர்களை வாசிப்பார். நான் வேறு சபைக்காரன் என்றாலும் அன்றைக்கு வீட்டுக்காரரோடு போயிருந்தேன். எல்லாப் பெயர்களுக்கும் கடைசியில், அகாலமாக விபத்தில் மரித்த மரியசெண்பகத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று சுவாமி வாசித்தார்.

சனம் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தது. எந்த மரியசெண்பகம், யாருடைய மகள், எப்போது அடக்கம், எங்களுக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று சனம் இருந்த வாங்கு வாங்காகக் குசுகுசுப்புப் போனது. பூசை முடிந்ததும் இரண்டு வயதான பெண்கள் செத்தவீட்டைத் தேடி நடக்கவே தொடங்கிவிட்டார்கள். செண்பகவல்லி என்று கொடுத்தால் சுவாமி துருவி விசாரிப்பார் என்று பயந்து, அக்கா தானே அவளை மரியாவாக்கியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்களில் செண்பகவல்லி திரும்பி வந்துவிட்டாள். லொறியில் அடிபட்டது வேறு யாரோ, இவள் நினைவு தப்பி ஒரு மலையடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாளாம். ஊர் சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் கோபத்தோடு சுவாமியின் அறைக்குப் போனார். அங்கே நடந்ததைச் சுவாமியே பிறகு எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"சுவாமி, அந்தப் பூசையை வேறை ஒரு ஆன்மாவுக்கு மாத்திவிடலாமோ?"

"ஏன், என்ன நடந்தது?"

"செத்தவள் உயிரோடை வந்திட்டாள்."

சுவாமி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாராம். பிறகு, "எப்ப வந்தவள்? நான் நேற்றுப் பாக்கேல்லை" என்றாராம். அந்தப் பூசை, நினைப்பதற்கு ஆளில்லாத ஆன்மாக்களின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டு நான் அந்த ஒழுங்கையில் நிம்மதியாக இருந்திருக்கலாம். கோயில் திருநாளுக்கு இளைஞர் மன்றத்துப் பெடியள் அந்தப் பாட்டுப் போட்டியை வைக்காமல் இருந்திருக்க வேண்டும்.

நடந்தது விளங்க வேண்டுமென்றால் அந்த இரண்டு வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீதவான் அக்காவும் அவருடைய மூத்த சகோதரி றோசக்காவும் பக்கத்துப் பக்கத்து வீடு. தாயின் காணியை இரண்டாகப் பிரித்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாக எழுதியிருந்தார்கள். நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு பூட்டியிருந்ததை நான் பார்த்ததில்லை. இந்தக் குசினியில் குழம்பு வைத்தால் அந்தக் குசினிக்குக் கோப்பை போகும். இரண்டு பேருக்கும் புருசன்மார் இல்லை, முந்தியே காலமாகிவிட்டார்கள். நீதவான் அக்காவுக்குப் பிள்ளைகளும் இல்லை. றோசக்காவுக்கு ஒரே மகள், ஜெனிற்றா. அந்தப் பிள்ளை தாயின் வீட்டில் படுத்து, சின்னம்மாவின் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தது. மூன்று பேரும் ஒரே தொலைக்காட்சியின் முன்னால் இருந்துதான் நாடகம் பார்ப்பார்கள். நீதவான் அக்கா தீர்ப்புச் சொல்லச் சொல்ல மற்ற இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் என் அறைக்குக் கேட்கும்.

பெடியள் போட்டியைத் தொலைக்காட்சியில் வருகிறமாதிரியே நடத்தினார்கள். கலர் கலராக வெளிச்சம், புகை, மேடைக்கு முன்னால் நடுவர்களுக்குச் சுழல்கிற கதிரைகள். கதிரைகள் சலூனிலிருந்து வந்தவை, தலையை வைக்கிற இடத்தில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் சங்கீத ஆசிரியர், ஒருவர் திருநாளுக்குக் காசு கொடுத்த கனடாக்காரர், மூன்றாவது நீதவான் அக்கா. அவரை விட்டால் வேறு யாரை வைப்பார்கள்? பெயரை அறிவித்தபோது விசில் அடங்கக் கன நேரம் எடுத்தது.

கனடாக்காரர் எல்லோருக்கும் சூப்பர் என்றார். சங்கீத ஆசிரியர் எல்லோருக்கும் முயற்சி தொடரட்டும் என்றார். சனம் காத்திருந்தது அக்காவின் வாய்க்குத்தான். ஒருவனைப் பார்த்து, நீர் பாடினதைவிட ஜெனறேற்றர் நல்லாப் பாடினது என்றார். சனம் உருண்டு சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். அப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் ஜெனிற்றா மேடைக்கு வந்தாள்.

முன்வரிசையில் றோசக்கா புதுச் சேலையோடு இருந்தார். பிள்ளை மாதா பாட்டு ஒன்று பாடியது. தொடக்கம் வடிவாகத்தான் இருந்தது. மேலே ஏறுகிற இடத்தில் குரல் வழுக்கியது, பிறகு அது இருந்த இடத்துக்குத் திரும்பி வரவேயில்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடகர் குழுவோடு வளர்ந்தவன், எனக்கு அது தெரிந்தது. சனத்துக்குத் தெரியவில்லை, பலமாகக் கைதட்டியது. கனடாக்காரர் எழும்பியே நின்றுவிட்டார். பிறகு ஒலிவாங்கி நீதவான் அக்காவின் கைக்குப் போனது.

அவர் கன்னத்தைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"பிள்ளை, உனக்குக் குரல் இருக்கு, சுருதி இல்லை. மேடைக்குக் கொண்டுவராதை, வீட்டோடை வைச்சிரு."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இன்றைக்கும் என் மனதைப் போட்டுக் குடைகிறது. தனக்குப் பிடித்தமான பிள்ளை என்பதற்காகத் தராசைச் சரிக்கக் கூடாது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அதுவரை அவர் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய சனம் அதற்கும் சிரித்தது. ஊர் முழுவதும் சிரித்தது. மேடையில் நின்ற பெட்டைக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. றோசக்கா எழும்பிப் போய் மகளின் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாளில் மேசன் வந்தான். மதிலில் கதவு இருந்த இடத்தில் கல்லும் சீமெந்தும் ஏறிவிட்டது.

ஜெனிற்றா பிறகு எங்கேயும் பாடவில்லை. கோயில் பாடகர் குழுவையும் விட்டுவிட்டாள். கலியாணம் பேசி வந்தது, பிரான்சுக்குப் போய்விட்டாள். போகிற அன்றுகூடச் சின்னம்மாவுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நீதவான் அக்கா அன்று மீன் விற்கவில்லை, யன்னலில் நின்று வான் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். றோசக்கா தனியாளானார். சமைத்துக் கொடுக்க ஒரு பெண் வந்துபோனாள். சீனி வருத்தம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. அது மெல்ல மெல்லக் கண்ணைத் தின்று, ஒரு கட்டத்தில் முழுவதும் இருட்டாகிவிட்டது.

அந்த நாளிலிருந்துதான் எனக்குத் தொல்லை தொடங்கியது. நீதவான் அக்காவின் தொலைக்காட்சி உச்சச் சத்தத்தில் அலறத் தொடங்கியது. அது போதாதென்று அவரும் சேர்ந்து கத்தினார். முன்பு தீர்ப்பு மட்டும் சொன்னவர் இப்போது நடப்பதையெல்லாம் சொன்னார். கதவைத் திறக்கிறாள், மாமியார் படியாலை இறங்குறா, பச்சைச் சீலை, முகத்திலை விஷம் அப்படியே தெரியுது, கையிலை பால் கோப்பை, ஐயோ குடிக்கப்போறாள் என்று ஒவ்வொன்றாக. விளம்பரத்தைக்கூட விடவில்லை. ஒருவன் பல்லு விளக்குறான், நல்ல பல்லு என்பார்.

ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு இறங்கிப் போய், அக்கா, கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கலாமா என்று கேட்டேன். காது மந்தமாகிவிட்டது தம்பி என்றார். நான் வாசலில் நின்று மெதுவாகக் கேட்டது அவருக்கு எப்படிக் கேட்டது என்று படியேறி அறைக்கு வந்த பிறகுதான் யோசித்தேன்.

மின்வெட்டுக் காலம் வந்தது. உங்களுக்கு நினைவிருக்கும், நாடே இருட்டில் கிடந்த வருடம். சரியாக நாடக நேரத்துக்குக் கரண்ட் போகும். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். முதல் நாளே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. ஏழு மணிக்கு எதிர்வீட்டு யன்னலில் மெழுகுதிரி ஏறியது, செண்பகவல்லியின் குரல் கேட்டது. பிறகு மாமியாரின் குரல், பிறகு புருசனின் குரல், இடையில் லொறிச் சத்தம். எல்லாம் ஒரே தொண்டையிலிருந்து வந்தது. பகலில் மீன் பலகையில் இருந்துகொண்டு கைப்பேசியில் முன்கூட்டியே வந்துவிடுகிற அந்தக் கதையைப் பார்த்து மனப்பாடமாக்கிக்கொண்டு வந்து, மாலையில் முழு நாடகத்தையும் தனியாளாக நடித்துக்கொண்டிருந்தார். பின்னணி வயலினையும் வாயாலேயே வாசித்தார். நான் படியில் இருந்து சிரித்துக்கொண்டே கேட்டேன். இடையில் ஒரு இடத்தை அவர் வேகமாகத் தாண்டியபோது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தரையில் ஊன்றுபொல்லால் இரண்டு தட்டுத் தட்டுகிற சத்தம் வந்தது. நீதவான் அக்கா உடனே நிறுத்தி, அந்த இடத்தைத் திரும்பவும் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தொலைக்காட்சியை எந்தச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார், அவருடைய கதிரை எந்த யன்னலைப் பார்க்கிறது என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. றோசக்காவின் வீட்டிலும் தொலைக்காட்சி இருந்தது. கண் போன பிறகு அவர் அதைப் போடுவதில்லை. சத்தம் கேட்டு என்ன பிரயோசனம், யார் கத்தி எடுத்தது, யார் காலில் விழுந்தது என்று தெரியாதே. அவர் தன் கதிரையை மதிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தங்கச்சியின் கண்ணால் நாடகம் பார்த்தார். ஒரு சொல் கதைக்காமல் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள்.

இவ்வளவு பாசத்தை வைத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கத்துப் படலையைத் திறந்து உள்ளே போவதற்கு என்ன என்று எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு றோசக்காவிடம் சமாதானம் பேசப் போனேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளிலை எனக்குக் கோபமில்லைத் தம்பி. நாடகம் நல்லாச் சொல்லுறாள். ஆனா பிள்ளை இப்பவும் போனிலை அவளைப் பற்றிக் கேக்கிறேல்லை. அண்டைக்கு ஊர் சிரிச்சது. அவள் ஒருக்கா என்ரை பிள்ளை நல்லாப் பாடினவள் எண்டு சொல்லட்டும். அந்த ஒரு சொல்லுக் காணும். மதிலை நானே இடிப்பிப்பன்."

ஒரு சொல். இதைவிட மலிவாக ஒரு சமாதானம் உலகத்தில் எங்கே கிடைக்கும் என்று துள்ளிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். நீதவான் அக்கா கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டதும் அவருடைய கை நின்றது.

"உங்களுக்கும் காது இருக்கெல்லே தம்பி. அண்டைக்கு நீங்களும் நிண்டனீங்கள். அவள் நல்லாப் பாடினவளோ?"

சும்மா வாய்க்குச் சொல்லுங்கள், என்ன குறைந்துவிடும் என்று கெஞ்சினேன்.

"சொல்லுறேல்லை எண்டில்லை, சொல்ல ஏலாமக் கிடக்கு. அக்கை என்ரை குரலைக் கேட்டே பொய்யெண்டு கண்டுபிடிச்சிடுவா. பிறகு நான் மாமியார் நல்லவள் எண்டாலும் நம்பமாட்டா, கெட்டவள் எண்டாலும் நம்பமாட்டா. இப்ப அவ பாக்கிறது என்ரை வாயாலை மட்டுந்தான்."

இப்படி ஒரு நியாயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பவும் அந்தப் பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. கரண்ட் இருந்த மாலையும் இல்லாத மாலையும் நாடகம் நடந்தது, பொல்லுத் தட்டியது. ஒரு தலைப்பிள்ளைக்குப் பெயர் வைக்கிற காட்சியில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. இன்றைக்குச் சொல்லுவார், நாளைக்குச் சொல்லுவார் என்று நானும் படியில் குந்தியிருந்து காத்திருந்தேன். நாடகமே பார்க்காதவன் என்று பெருமை அடித்துக்கொண்டு வந்த நான், அதற்குள் ஏழு மணி நெருங்கினால் அலுவலகத்தில் தரிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒரு மாலை பொல்லுத் தட்டவில்லை. அக்கா ஒரு காட்சியை வேண்டுமென்றே தாண்டிப் பார்த்தார். தட்டவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு ஒழுங்கையைச் சுற்றி, எத்தனையோ வருடமாக மிதிக்காத படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். றோசக்கா மதிலோரக் கதிரையில் தலையைச் சாய்த்தபடி இருந்தார். பொல்லு காலடியில் விழுந்து கிடந்தது. உடம்பில் சூடு இன்னும் போகவில்லை.

ஜெனிற்றா வரும்வரை அடக்கத்தைத் தள்ளி வைத்தார்கள். அந்த நாட்கள் முழுவதும் நீதவான் அக்கா பெட்டியின் தலைமாட்டில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் யார் போலியாக அழுகிறார்கள், யார் சேலையைக் காட்ட வந்திருக்கிறார்கள் என்று எதையும் அவர் சொல்லவில்லை. ஆட்கள் அவருடைய வாயைப் பார்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிள்ளை வந்து இறங்கித் தாயின் மேல் விழுந்து அழுதபோது, எழும்பி இடம் விட்டுவிட்டுச் சுவரோடு போய் நின்றார். பிள்ளை அவரைப் பார்க்கவில்லை.

சேமக்காலைக்கு எடுக்க முதல், வீட்டில் கடைசியாகச் செபம் நடந்தது. செபம் முடிந்து பெட்டியை மூடப் போகிறார்கள். அப்போது ஒருவரும் கேட்காமலே ஜெனிற்றா பாடத் தொடங்கினாள். மேடையில் பாடிய அதே மாதா பாட்டுத்தான். எத்தனையோ வருடமாகப் பாடாத குரல், அழுது அழுது கட்டிப்போயிருந்தது. மேலே ஏறுகிற இடம் வந்தது. குரல் அன்றைக்கு வழுக்கியதைவிட மோசமாக வழுக்கியது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் மட்டும் சுவரோடு நின்றவரைப் பார்த்தேன்.

நீதவான் அக்கா முன்னால் வந்து, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு மாலையும் யன்னலோரம் கேட்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொல்லத் தொடங்கினார்.

"அக்கை, பிள்ளை வந்திட்டாள். உன்ரை கால்மாட்டிலை நிக்கிறாள். கறுத்தச் சீலை, தலையிலை லேஸ் போட்டிருக்கிறாள். கொஞ்சம் மெலிஞ்சுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு பாடுறாள். சனமெல்லாம் கேட்டுக்கொண்டு நிக்குது, ஒருத்தரும் சிரிக்கேல்லை. உன்ரை பிள்ளை நல்லாப் பாடுறாள், அக்கை. சுருதி அப்பிடியே நிக்குது."

பிள்ளை பாட்டை நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டே கடைசி வரிவரை பாடி முடித்தாள். பிறகுதான் பெட்டியை மூடினார்கள்.

அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த மனுசிக்கு அது கேட்டிராது. ஒரு கிழமை முந்திச் சொல்லியிருந்தால் மதில் இடிந்திருக்கும், இரண்டு கதிரைகளும் ஒரே யன்னலில் கிடந்திருக்கும். நினைக்க நினைக்க மனம் ஆறுவதில்லை. எனக்கும் ஓரளவு காது இருக்கிறது, அன்றைக்குச் சுருதி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். யாராவது கேட்டால் மட்டும், ஜெனிற்றா நன்றாகத்தான் பாடினாள் என்று சொல்லுவேன்.